வௌவால் கிணற்றில் ஒரு சொட்டு ரத்தம்

கல்யாணமான இத்தனை வருடங்களில் என் மனைவி என்னிடம் அதிகமாகச் சொன்ன வாக்கியம் “அசையாம நில்லுங்க” என்பதாகத்தான் இருக்கும். முன்பெல்லாம் பரணிலிருந்து அண்டா இறக்கும்போது சொல்வாள். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். இப்போது என் கையில் ஒரு துணிப்பை, பைக்குள் ஒரு வௌவால், வெளியே அதன் ஒற்றை இறக்கை. நெற்றி விளக்கைச் சாய்த்து, தையல் நூலைவிட மெலிந்த ஒரு ரத்தக்குழாயை அவள் தேடிக்கொண்டிருப்பாள். வேலைதான் மாறியிருக்கிறது, எனக்குப் பதவி உயர்வு கிடையாது.

அவள் கல்லூரியில் விலங்கியல் கற்பிப்பவள். மகள் படிப்புக்காக வெளியூர் போனதும் எங்கள் துடியலூர் வீட்டில் ஓர் அறை காலியானது. நான் அதில் புத்தக அலமாரி வைக்கலாம் என்றேன். அவள் மைக்ரோஸ்கோப் வைத்தாள். வௌவால்களின் ரத்தத்துக்குள் குடியிருக்கும் ஒட்டுண்ணிகளைக் கண்டறிவது என்று, ஐம்பதை நெருங்கும் வயதில் முனைவர் பட்டத்துக்குப் பதிந்துகொண்டாள். நானோ பம்புசெட்டு, வெட் கிரைண்டர் கம்பெனிகளுக்குப் பயன்பாட்டுக் கையேடு எழுதிப் பிழைக்கிறவன். ‘இயந்திரம் ஓடும்போது கையை உள்ளே விடாதீர்கள்’ என்பதைப் பல நடைகளில் எழுதிப் பார்த்திருக்கிறேன். யாரும் படித்ததாகத் தகவல் இல்லை. ஆகவே உதவியாளன் வேலைக்கு என்னைவிடத் தகுதியானவன் கிடைக்கவில்லை. முன்னெச்சரிக்கையாக எனக்கும் நாய்க்கடி ஊசி போட்டார்கள். எந்த நாயும் என்னைப் பொருட்படுத்தாத நிலையிலேயே அந்த ஊசியைப் போட்டுக்கொண்டவன் எங்கள் தெருவில் நான் ஒருவன்தான்.

வௌவால்கள் இருந்தது அவளுடைய அண்ணன் தோட்டத்துக் கிணற்றில். காங்கேயத்தைத் தாண்டிப் போனால், தேங்காய்ப் பருப்பு காயும் களங்களின் வாசனை பஸ்ஸுக்குள்ளேயே வந்துவிடும். அந்த வாசனை மெலியும் இடத்தில் அவர் தோட்டம். சதுரமாக வெட்டி, கல் கட்டி, பக்கவாட்டில் படி இறக்கிய பெரிய கிணறு. போர்வெல் போட்ட பிறகு அதில் தண்ணீர் ஊறுவதை நிறுத்திவிட்டது, கோபித்துக்கொண்ட சம்பந்தி பேச்சை நிறுத்துவதுபோல. தண்ணீர் போன இடத்துக்கு வௌவால்கள் வந்தன.

பகலில் அந்தக் கிணற்றை எட்டிப் பார்ப்பது எனக்குப் பிடித்துப்போனது. மேலே வெயில் தகரம்போலத் தகித்துக்கொண்டிருக்கும். உள்ளே பாதிக்குக் கீழே பாசி நிறத்தில் ஒரு வெளிச்சம், இன்னும் கீழே அதுவும் இல்லை. கல் இடுக்குகளில் பழுப்பு நிற மூட்டைகள்போல நூற்றுக்கணக்கில் தலைகீழாகத் தூங்கும். அவ்வப்போது ஒன்று இறக்கையை விரித்து, சரியாகப் போர்த்திக்கொண்டு, மறுபடி தூங்கும். இருட்டில் வழி பார்ப்பதற்காக இவை நாக்கைச் சொடுக்குமாம். கிணற்றுக்குள்ளிருந்து அந்தச் ‘ச்ச், ச்ச்’ மேலே வரும். என் கையேடுகளை யாரோ கடைசியில் படித்துவிட்டு வருத்தப்படுவதாக எடுத்துக்கொள்வேன். கொஞ்ச நேரம் நின்றால் போதும், கிணறு கீழே இருக்கிறதா, நான் தலைகீழாக இருக்கிறேனா என்று சந்தேகம் வந்துவிடும்.

மச்சானுக்கு அந்தச் சந்தேகங்கள் இல்லை. அவரிடம் இருந்தது பயம். கேரளத்தில் வௌவாலால் காய்ச்சல் பரவியதாகக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள். அவருக்கு ஒரு காளை உண்டு. கழுத்தும் திமிலும் கறுத்து, மற்ற இடமெல்லாம் சாம்பல் பூத்த காங்கேயம் காளை. கட்டுத்தரையிலிருந்து கிணறு கூப்பிடு தூரம். பெற்ற பிள்ளைகள் இரண்டுமே வெளிநாட்டில் இருப்பதால், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற வாரிசு அது ஒன்றுதான் என்று அவரே சொல்வார்.

முதல் நாளே கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து கறாராகச் சொல்லிவிட்டார்.

“அம்மணி, நீ படிக்கறது எனக்குப் பெருமைதான். வேண்டாங்கல. ஆனா ஒண்ணு. அதுக ரத்தத்துல ஒண்ணும் இல்லீன்னா இருந்துட்டுப் போகட்டும். பூச்சி கீச்சி இருக்குதுன்னு வந்துச்சு, டிப்பர்ல மண்ணக் கொண்டாந்து கெணத்த மூடிப்போடுவேன். என்ற காளைக்கு ஒரு சீக்கு வந்துச்சுன்னா அப்பறம் உன்ற பட்டத்த வெச்சு நான் என்ன பண்றது?”

“அதெல்லாம் மாட்டுக்கு ஒட்டாதுங்ணா.”

“ஒட்டாதுன்னு அந்தப் பூச்சி உன்கிட்டச் சொல்லுச்சா?”

பிறகு என் பக்கம் திரும்பினார். “ஏனுங்க மாப்ள, நீங்களாவது சொல்லக் கூடாதுங்களா? ஊட்டுல சோறு தண்ணி ஆக்கறாளா, இல்லை ரத்தம்தான் காச்சறாளா?”

“ரெண்டுக்கும் ஒரே அடுப்புதானுங்க மச்சான்” என்றேன். அவர் சிரித்தார். ஆனால் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை.

இதுதான் சிக்கல். ஒட்டுண்ணி கிடைத்தால் அவள் ஆய்வுக்கு உயிர் வரும், கிணற்றுக்கு மண் வரும். கிடைக்காவிட்டால் கிணறு பிழைக்கும். கிடைக்கவில்லை என்பதும் ஒரு முடிவுதான், அதையும் எழுதலாம் என்று அவள் சொன்னாள். சொன்னபோது என் முகத்தைப் பார்க்காமல் ஸ்லைடு துடைத்துக்கொண்டிருந்தாள்.

வனத்துறை அனுமதித் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பொழுது சாயும் நேரத்தில் கிணற்றின் ஒரு மூலையில் மட்டும் மெல்லிய வலையைக் கட்டுவோம். மற்ற மூன்று மூலையும் அவற்றுக்குத்தான். மேற்கே வானம் செங்கல் நிறத்துக்குப் போகும்போது கிணறு மூச்சு விடும். முதலில் ஒன்று, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு உள்ளே போய்த் தகவல் சொல்வதுபோலத் திரும்பும். அப்புறம் எல்லாமே. சத்தமே இல்லாத ஒரு புகை, நெருப்பு இல்லாமல் எழுந்து தென்னைகளுக்கு மேலே கலையும். வலையில் வந்து விழுகிற சிலவற்றை அவள் தடித்த கையுறையோடு எடுத்துத் துணிப்பையில் போடுவாள். நாய் மூஞ்சியும் ஈரக் கண்ணும். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து, பொறுப்பானவர் யார் என்று சரியாகக் கண்டுபிடித்து அவளையே முறைக்கும்.

ஊசிமுனை அளவு குத்தல். மாதுளை முத்தின் நுனிபோல ஒரு சொட்டு. கண்ணாடித் துண்டில் அதை வைத்து, இன்னொரு கண்ணாடியின் விளிம்பால் ஒரே இழுப்பாக இழுத்துவிடுவாள். தோசைக்கல்லில் மாவு இழுப்பதைவிட மென்மையான இழுப்பு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்லைடு. பிறகு பஞ்சால் அமுக்கி, துளி சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, கையை விரிப்பாள். அது அவள் உள்ளங்கையிலிருந்து சற்றுக் கீழே விழுந்து, விழுவதை மறந்து, பறந்துவிடும்.

அடுத்த நாள் காலையில் தோட்டத்து வீடான சாளையிலேயே சாயம் போட ஏற்பாடு. ஸ்லைடுகளில் பாதியை அங்கேயே முடித்துவிட்டு மீதியை வீட்டுக்குக் கொண்டுபோக நினைத்தாள். ரத்தத்தை ஊதாவும் இளஞ்சிவப்புமாகப் பிரித்துக் காட்டுகிற அந்தச் சாயம் குணம் கெட்டது. அதைக் கரைக்கிற தண்ணீரில் அமிலமும் காரமும் ஒரு குறிப்பிட்ட அளவில் நின்றாக வேண்டும். அளவு கொஞ்சம் தவறினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அந்தத் தண்ணீரை அவள் வீட்டிலேயே தயாரித்து ஒரு பழைய வாட்டர் பாட்டிலில் கொண்டுவந்திருந்தாள். மேலே ஒட்டியிருந்த பட்டியில் எழுதியது பயணத்தில் அழிந்துபோயிருந்தது.

அதற்குள் அக்கா சாப்பிடக் கூப்பிட்டார். மச்சானின் மனைவி, எனக்கு அக்கா முறை, அவளுக்கு நங்கை. அவர் கூப்பிட்டால் ஆராய்ச்சி நிற்கும். கொள்ளுக்கடைசலும் நெய்யும் போட்டு, “இன்னுஞ் செத்த போட்டுக்கங்க தம்பி, மெலிஞ்சு போயிட்டீங்க” என்றார். நான் மெலிந்த வருடம் எனக்கே நினைவில்லை. சாப்பிட்டு எழுந்தபோது உலகம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. களத்தில் காயும் பருப்பின் வாசனை, வேப்பமரத்துக் காற்று, எங்கோ ஒரு மோட்டார் ஒரே ராகத்தில். அந்த அரைத்தூக்கத்தில் என் மனைவி சாயம் கலந்தாள். பாட்டிலில் பாதிக்கு இருந்த தண்ணீர் கழுத்துவரை ஏறியிருந்ததை அவளும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து முதல் ஸ்லைடைப் பார்த்தவள் நிமிரவே இல்லை. நானும் பார்த்தேன். இளஞ்சிவப்பு நிலவுகள் மிதக்க வேண்டிய இடத்தில் எல்லாம் நீலம், மழைக்கு முந்தைய சிறுவாணி மலைபோல. அதன்மேல் எங்கும் கறுப்புப் பொட்டுகள். ஒவ்வொரு ரத்த அணுவிலும் யாரோ மை தெளித்திருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் மச்சான் வந்து சேர்ந்தார். துடியலூரில் ஒரு கல்யாணத்துக்கு வந்தவர், தாம்பூலப் பையோடு நேரே அந்த அறைக்குள் நுழைந்தார்.

“தள்ளு அம்மணி, நானும் பாக்கறேன்.”

வெள்ளைச் சட்டை மடிப்புக் கலையாமல் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“ஏஞ்சாமி. இத்தனை பூச்சியா?”

“பூச்சி இல்லீங்ணா. சாயம் திரிஞ்சு போச்சு. அது கசடு.”

“பால்தான் திரியும்.”

“சாயமும் திரியுமுங்ணா.”

“உனக்கு வவ்வாலு மேல பாசம். அதுனால கசடுங்கற.” எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். “மண்ணுக்குச் சொல்லிப்போடறேன், அடுத்த வாரம் வந்துரும். அதுக்குள்ளார உன்ற வேலைய முடிச்சுக்க. அப்பறம் ஒண்ணு. மாட்டு டாக்டர்கிட்டச் சொல்லிக் காளையோட ரத்தமும் ரெண்டு கண்ணாடியில எடுத்தாந்திருக்கறேன். அதுக்கு ஒட்டியிருக்குதான்னு பாத்துச் சொல்லு.”

தாம்பூலப் பைக்குள் தேங்காய்க்கும் வெற்றிலைக்கும் நடுவில், காகிதம் சுற்றிய இரண்டு ஸ்லைடுகள் இருந்தன.

அவர் போன பிறகு என் மனைவி பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். முகர்ந்தாள். அக்காவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.

“ஏனுங்க நங்கை, எங்க பையில ஒரு பாட்டல் இருந்துச்சுங்களே...”

“ஆமாங் கண்ணு. பாதிதான் இருந்துச்சு. ஒறம்பரைய வெறும் பாட்டலோட எப்படித் தாட்டி உடறது? நான்தான் ரொப்பி வெச்சேன். உப்புத்தண்ணி இல்ல கண்ணு, பைப்புல வாரத்துக்கு ஒருக்கா வாற ஆத்துத்தண்ணி. உங்களுக்குன்னு தனியா எடுத்து வெச்சிருந்தேன். ஏங் கண்ணு, நல்லா இருந்துச்சா?”

என் மனைவி கண்ணை மூடித் திறந்தாள். “ரொம்ப நல்லா இருந்துச்சுங்க” என்றாள்.

விருந்தாளியின் பாட்டில் குறையாகப் போவது அந்த வீட்டில் நடக்காத காரியம். அவர் கொடுத்தது இருப்பதிலேயே உயர்ந்த தண்ணீர். அதிலிருந்த குளோரின் மருந்துதான் எங்கள் சாயத்தைக் கொன்றிருந்தது. உபசாரத்தால் கெட்டுப்போன முதல் ஆராய்ச்சி இதுவாக இருக்கலாம் என்றேன். அவள் சாயம் காட்டாத மீதி ஸ்லைடுகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

புதிதாகத் தண்ணீர் தயாரித்து, சாயம் கலந்து, கழுவி, காய வைத்தாள். அதன்பின் சில நாட்கள் எங்கள் வீட்டில் நேரம் வேறு மாதிரி போனது. கல்லூரி விட்டு வந்ததும் அவள் அந்த மைக்ரோஸ்கோப்புக் குழாய்க்குள் இறங்கிவிடுவாள். ஒரு சொட்டு எண்ணெய் வைத்து, மூலையிலிருந்து தொடங்கி, ஏர் ஓட்டுவதுபோலப் போய்த் திரும்பி, போய்த் திரும்பி. காபி ஆறிப்போகும். அவ்வப்போது என்னையும் பார்க்கவிடுவாள். அங்கே சத்தமில்லாத ஓர் ஊர். இளஞ்சிவப்பு வட்டங்கள் ஒன்றையொன்று தொடாமல் நின்றன. தென்னைக்கு மேலே இப்போதும் பறந்துகொண்டிருக்கிற ஏதோ ஒன்றின் மாலை நேரம், அப்படியே கண்ணாடியில் படிந்து கிடந்தது. பார்த்துக்கொண்டே இருந்தால் வட்டங்கள் மெதுவாக நகர்வதுபோலத் தோன்றும். நகரவில்லை, என் கண்தான் தூங்கப் போகிறது என்று அவள் சொல்வாள்.

ஒரு சாயங்காலம் கூப்பிட்டாள். குரலில் ஏற்றமே இல்லை. “வந்து பாருங்க.”

வட்டங்களுக்கு நடுவில் ஒன்று மட்டும் சற்றுப் பருத்திருந்தது. அதன் உள்ளே முழுக்க அடைத்துக்கொண்டு ஊதாவில் ஒரு உருண்டை, பழுப்பு மிளகுத்தூள் தூவியதுபோல. அவசரமில்லாமல் இருந்தது. வாடகை ஒழுங்காகக் கொடுக்கிற குடித்தனக்காரரின் தோரணை.

“மலேரியாவா?”

“மலேரியாவுக்குப் பங்காளி முறை. ஆனா நம்ம ஊட்டுக்கு வராது. ஒரு சின்னக் கடிப்பூச்சி வழியா வவ்வாலுக்குள்ளயே சுத்திச் சுத்தி வரும். மனுசனுக்கும் வராது, மாட்டுக்கும் வராது.”

அவள் முகத்தில் இருந்தது சந்தோஷமா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. அந்தக் கூட்டத்தில் சிலவற்றிடம் மட்டும் அது இருந்தது, பெரும்பாலானவற்றிடம் இல்லை. நான் உடனே என் தொழில் புத்தியோடு யோசனை சொன்னேன். “இல்லைன்னு சொல்லிரலாம். பெரும்பாலானதுல இல்லைங்கறது நெசம்தானே. ஆய்வுல எழுதறத உங்கண்ணன் படிக்கவா போறாரு? நான் எழுதறதையே யாரும் படிக்கறதில்ல.”

“கெணறு போனாலும் பரவாயில்லைன்னு சொல்லல” என்றாள். ஸ்லைடைக் கழற்றிக்கொண்டே, “ஆனா எங்கண்ணன்கிட்ட இல்லைன்னு சொல்லிப்போட்டு, அப்பறம் நான் எந்தக் கண்ணுல இதைப் பாக்கறது?” என்றாள். பிறகு காளையின் ஸ்லைடை எடுத்து வைத்தாள்.

சனிக்கிழமை மாலை நாங்கள் தோட்டத்துக்குப் போனபோது டிப்பர் எங்களுக்கு முன்பே வந்திருந்தது. ஒரு லோடு செம்மண் கிணற்று மேட்டில் கொட்டிக் கிடந்தது. சில உருண்டைகள் விளிம்பைத் தாண்டி உள்ளே விழுந்துகொண்டிருந்தன. விழுந்த சத்தம் கேட்க வெகுநேரம் ஆனது. டிரைவர் பீடி பற்றவைத்துக்கொண்டு அடுத்த உத்தரவுக்காக நின்றார். மச்சான் இடுப்பில் கை வைத்து நின்றார்.

“சொல்லு அம்மணி. இருக்குதா, இல்லையா?”

“இருக்குதுங்ணா. கொஞ்சத்துக்கிட்ட.”

அவர் டிரைவர் பக்கம் திரும்பினார். வாய் திறப்பதற்குள் அவள் போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். மைக்ரோஸ்கோப்பின் கண்ணில் போனை வைத்து எடுத்த படம்.

“இதையும் பாத்துப்போட்டு மூடுங்க.”

“இதென்ன, வவ்வாலா?”

“உங்க காளை.”

படத்தில் வட்டங்களுக்குள் காற்புள்ளிபோலச் சின்னச் சின்ன ஊதாக் கீறல்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக.

மச்சானின் முகம் இறங்கியது. “வவ்வால்ட்டருந்து ஒட்டிக்கிச்சா?”

“இது வேறீங்ணா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. இது உண்ணி மூலியமா மாட்டுக்கு வாறது. மாட்டு டாக்டர்கிட்டயும் காட்டிக் கேட்டுப்போட்டேன். நாட்டு மாட்டுல பாதிக்கு மேல இருக்குமாமா. சும்மா கெடக்கும், ஒண்ணும் பண்ணாது. காளை நல்லாத்தான இருக்குது?”

“நல்லாத்தான் இருக்குது. நேத்துக்கூட வேலிய முட்டித் தள்ளுச்சு.”

“ரத்தத்துல பூச்சி இருந்தா மூடிப்போடலாம்னு சொன்னீங்களே. எதை முதல்ல மூடறது?”

நான் சிரிக்கவில்லை. சிரிப்பதற்கு இது நேரமில்லை என்று சொல்கிற அறிவு எப்போதாவது எனக்கு வருவதுண்டு. மச்சான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், சிறிதாக்கிப் பார்த்தார்.

“எத்தனை நாளா இருக்குது இது உள்ளார?”

“கன்னுக்குட்டியா இருந்தப்பவே வந்திருக்கலாமுங்ணா.”

“நான் பருத்திக்கொட்டை ஆட்டி ஊத்துனதெல்லாம் இதுகளும் சேந்துதான் குடிச்சுதா?”

“ஆமாங்.”

“சந்தையில யாருகிட்டயும் சொல்லிப்போடாத.”

“சொல்ல மாட்டேனுங்ணா.”

வானம் நிறம் மாறிக்கொண்டிருந்தது. டிப்பரின் இன்ஜின் நின்றதும் கிணற்றுக்குள்ளிருந்து சொடுக்குச் சத்தம் கேட்கத் தொடங்கியது. மச்சான் விளிம்புக்குப் போனார். அந்தக் கிணற்றுக்கு அவ்வளவு பக்கத்தில் அவர் போய் நான் பார்த்ததில்லை. முதல் வௌவால் வந்து ஒரு சுற்றுச் சுற்றியது, மண் குவியலைப் பார்த்தோ என்னவோ இன்னொரு சுற்றும் சுற்றியது. பிறகு அந்தப் புகை எழுந்தது. அவர் தலைக்கு மேலே, தோளுக்குப் பக்கத்தில், முகத்தில் காற்றுப் படும்படி. அவர் குனியவில்லை. துண்டால் மூக்கை மட்டும் பொத்திக்கொண்டார். அவ்வளவு பெரிய மனிதர் அதற்குள் நிற்கும்போது தண்ணீருக்கடியில் நிற்பவர்போல இருந்தார். வெகுநேரம் அப்படியே நின்றோம். கடைசி வௌவால் போனது யாருக்கும் தெரியவில்லை.

“அம்மணி” என்றார் திரும்பாமலே. “அந்தப் பூச்சி இருக்கறதுனால, இதுகளுக்கு ஒண்ணும் ஆவாதா?”

“தெரியலீங்ணா. யாரும் சரியாப் பாத்ததில்ல. இனிமேத்தான் பாக்கோணும்.”

அவர் தலையை ஆட்டினார். துண்டை உதறித் தோளில் போட்டார்.

“ஏப்பா, அந்த மண்ண அள்ளித் தென்னைக்குப் போட்டுரு. இன்னொரு லோடு வேண்டாம்னு உங்க ஓனர்கிட்ட நானே சொல்லிக்கறேன். வண்டிய பாத்துத் திருப்பு, கெணத்துக்குள்ள உட்டுப்போடாத.”

டிரைவர் பீடியைக் காலால் நசுக்கிவிட்டு ஏறினார். வண்டி பின்னுக்கு வரும்போது மச்சான் கிணற்றுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் நின்று, இரண்டு கையையும் விரித்து, “வா, வா, அக்கட்டால ஸ்டீரிங்க ஒடி” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.